அழுக்குப் பக்கத்துக் கதவு

1911 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை, துறைமுகத்துக்கு வடக்கே இருந்த கப்பல் பயணிகள் தனிமை நிலையத்தில், துணிகளை நீராவியில் அவிக்கும் இரும்பு அறைக்குள் ஒரு தொழிலாளி இறந்து கிடந்தார். முந்தின நாள் மாலை அறையைக் கழுவ உள்ளே போனவர். கதவு வெளிப்பக்கமாக அடைத்திருந்தது.

அந்த நிலையம் இப்போது அருங்காட்சியகம். கப்பலில் வந்தவர்களின் உடம்பையும் உடைமையையும் நோயிலிருந்து பிரித்தெடுப்பதற்காகவே கட்டப்பட்ட இடம் அது. நீளமான கட்டடத்தை நடுவில் ஒரு கனத்த சுவர் இரண்டாக வெட்டுகிறது. பயணிகள் ஒரு பக்கம் நுழைந்து, குளியல் கூடத்தில் உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மறுபக்கம் வெளியேறுவார்கள். அவர்களுடைய பெட்டிகள் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஏறி இரும்பு அறைக்குள் போகும். அறை அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஒரு வேன் உள்ளே நிற்கும் அளவுதான் இருக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு கதவு. ஒன்று அழுக்குப் பக்கம், மற்றது சுத்தப் பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. இந்தப் பக்கத்துக் காற்று அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் அன்றே அப்படி ஓர் ஏற்பாடு. சுவருக்குள் ஓடும் ஒரு கம்பி, ஒரு கதவு திறந்திருந்தால் மற்றதன் பூட்டுச் சக்கரத்தைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்றும் பிடிக்கிறது.

இறந்தவர் உள்ளிருந்து தட்டுகிறார் என்பது ஊரில் பழைய பேச்சு. சிலர் கேட்டதாகச் சொன்னார்கள், பலர் கேட்டவர்களைத் தெரியும் என்றார்கள். கடந்த சில வருடங்களாக அந்தத் தட்டல் தவறாமல் கேட்கிறது. அதற்குக் காரணம் பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டார்.

மோட்டாரின் முனையில் ஒரு சுத்தியல். அதை அறைக்குள், சுத்தப் பக்கக் கதவுக்கு அருகே, பார்வையாளர் கண்ணில் படாதபடி பொருத்தியவர் எலக்ட்ரீஷியன். இயக்குகிற ரிமோட் வழிகாட்டியின் சட்டைப் பையில் இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் கண்காணிப்பாளர், வழிகாட்டி, எலக்ட்ரீஷியன், டிக்கெட் கொடுக்கும் அவருடைய மச்சினன், ஆக நான்கு பேர். சுற்றுலாவின் முடிவில் சுத்தப் பக்கக் கதவைத் திறப்பார்கள். உள்ளிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக வழிந்து பார்வையாளர்களின் காலைச் சுற்றும். மேடை நாடகங்களில் மேகம் காட்டுகிற டிரை ஐஸ்தான். உள்ளே ஒரு தொட்டி வெந்நீரில் அதைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும். அதனால் ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அழுக்குப் பக்கக் கதவை அரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியன் போட்ட சட்டம்.

எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது. அந்த அறைக்குள் யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பது கிடையாது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று முன்பு இருந்த காவலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேயைக் கையால் செய்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிய இந்த நால்வரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கடைப்பிடிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலைச் சுற்றில் மோட்டார் எரிந்துபோனது. வழிகாட்டி ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அவர் அசந்து தூங்குறார் போல" என்று சமாளித்தார். யாரும் சிரிக்கவில்லை. தட்டல் போனதை ஈடுகட்ட, கூட்டத்தைக் குளியல் கூடத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடி, தொட்டியில் ஐஸ் பொட்டலத்தை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டார்.

மதியம் எலக்ட்ரீஷியன் தொட்டியை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு பொட்டலம் போதும்னு எத்தனை தடவை சொல்றது? சொர்க்கத்துலேருந்து யாராவது எறங்குற சீனா எடுக்குறோம்? பாருங்க, அடியில இன்னும் பாறை மாதிரி கெடக்கு."

வழிகாட்டி டுடோரியலில் சரித்திரப் பாடம் எடுத்துவிட்டு இங்கே வந்தவர். அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

"தட்டல்தான் இல்ல, புகையாவது வரட்டுமேன்னு போட்டேன். வந்தவங்க கொட்டாவி விட்டுட்டுப் போனா எனக்குத்தானே அசிங்கம்? உங்க மோட்டார் ஒழுங்கா இருந்தா நான் ஏன் ஐஸ அள்ளிக் கொட்டுறேன்?"

"மூணு மணி கும்பலுக்குள்ள ரெடி பண்ணிடுறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க. கோவத்துல சாப்பிட்டா செரிக்காது."

அவர் போனதும் எலக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு மச்சினனிடம் கொடுத்தார்.

"மாப்ள, காயில் கருகிடுச்சு. கடையில குடுத்து, பக்கத்துலயே நின்னு, கையோட புதுக் கம்பி சுத்திக் கட்டி வாங்கிட்டு வா."

"டிக்கெட் கவுண்டரை யாரு பாக்குறது மாமா?"

"மூணு மணி வரைக்கும் இங்க பேய்கூட வராது. போடா."

மச்சினன் ஸ்கூட்டரில் கிளம்பினான். எலக்ட்ரீஷியன் அழுக்குப் பக்கக் கதவு வழியாக உள்ளே போனார். தள்ளுவண்டியில் காட்சிக்காகப் பழைய டிரங்குப் பெட்டிகள் கூரைக்கு ஒரு முழம் மிச்சம் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டு இடுக்கில் உடம்பை நுழைத்து, சுத்தப் பக்கத்து மூலைக்குப் போய் உட்கார்ந்தார். மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் அடித்து அடித்து ஆடிப்போயிருந்தன. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்தார். தொட்டியிலிருந்து கசிந்த புகை திறந்த கதவின் படியைத் தாண்டி வராந்தாவில் இறங்கிக் கரைந்துகொண்டிருந்தது. அவர் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணிக் கும்பல் இரண்டரைக்கே வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தின் ஊழியர்களும் குடும்பங்களும். வேனிலிருந்து முதலில் இறங்கியவர் மேனேஜர், மோதிரம் போட்ட கையைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

"எங்கம்மா உங்க பேய்? முழிச்சிருக்கா?"

வழிகாட்டி டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஓடி வந்தார். டிக்கெட் கவுண்டரில் ஆள் இல்லை. மாமனும் மச்சினனும் சேர்ந்து சாப்பிடப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். கும்பலை முன்கூடத்துப் படங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, வழக்கமான வேலையைச் செய்ய அழுக்குப் பக்கம் போனார். இந்தக் கதவைச் சாத்தினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

கதவு விரியத் திறந்திருந்தது. வராந்தாவில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. உள்ளே டிரங்குப் பெட்டிகள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் இருட்டு. ஒரு கணம் நின்று பார்த்தார். வேறு எந்த அறையாக இருந்தாலும் "அண்ணே!" என்று ஒரு சத்தம் கொடுத்திருப்பார். இங்கே கொடுக்கவில்லை. இரும்புக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தி, சக்கரத்தை இறுகத் திருகிவிட்டு, சுவரைச் சுற்றிச் சுத்தப் பக்கம் நடந்தார்.

எலக்ட்ரீஷியனுக்குச் சத்தம் கேட்கவில்லை. காதுக்குள் காற்று அமுங்கியது. தலையை உயர்த்தினார். பெட்டிகளின் விளிம்பில் தெரிந்துகொண்டிருந்த பகல் வெளிச்சம் இல்லை.

பாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு இடுக்கு வழியே பாய்ந்தார். அந்த அவசரத்தில் முழங்கால் தொட்டியில் இடித்தது. தொட்டி கவிழ்ந்தது. ஆறிய நீர் இரும்புத் தரை முழுக்க ஓட, அடியில் உறைந்து கிடந்த ஐஸ் துண்டுதுண்டாக உடைந்து வண்டிக்கு அடியில் சிதறியது. திறந்த கதவு வழியே வெயில் விழுந்து சூடேறிய தரை அது. சீறுகிற சத்தம் கேட்டது. நெற்றி விளக்கின் ஒளியில் வெள்ளையாக ஒன்று தரையை மூடிக்கொண்டு எழுந்தது.

உள்பக்கம் சக்கரம் இல்லாத கதவை இரண்டு கையாலும் அறைந்தார். கத்தினார். இரண்டு அடுக்கு இரும்பு, நடுவில் செங்கல். நீராவி வெளியேறாமல் இருக்கக் கட்டியவர்கள் குரல் வெளியேற வழி வைக்கவில்லை. போனைப் பார்த்தார், சிக்னல் இல்லை. மூச்சை இழுத்தபோது மூக்கில் ஒரு காரம் ஏறியது, சோடா குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் ஏறுமே, அந்தக் காரம். அது என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் புகை கனமானது, கீழிருந்துதான் நிரம்பும். மேலே போக வேண்டும்.

பெட்டிகளின் மேல் ஏறிக் குப்புறப் படுத்தார். முதுகில் கூரை உரசியது. ஸ்பேனரை எடுத்துச் சுத்தப் பக்கக் கதவின் மேல் விளிம்பில் ஓங்கி அடித்தார்.

வழிகாட்டி அந்த நேரம்தான் சுத்தப் பக்கக் கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு, கும்பல் வருவதற்கு முன் ஒருமுறை ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார். டங், டங், டங் என்று வந்தது.

"அப்பாடா" என்றார்.

கும்பல் உள்ளே வந்தது. இவர் கதையைத் தொடங்கினார். தொழிலாளி உள்ளே போனது, மேஸ்திரி பார்க்காமல் கதவை அடைத்தது, மறுநாள் காலை திறந்தது. ரிமோட்டை அமுக்க வேண்டிய இடம் வருவதற்குள்ளேயே தட்டல் வந்தது. ஒரு பெண் வீறிட்டுப் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்தாள். அது வேறொருவரின் கணவர் கை. கூட்டம் வெடித்துச் சிரித்தது.

தட்டல் முன்பு போல இல்லை என்பதை வழிகாட்டி கவனித்தார். மோட்டார் மூன்று அடித்து, நின்று, மூன்று அடிக்கும். இது ஐந்து, ஆறு, ஒன்று என்று தாறுமாறாக வந்தது. நடுநடுவே இரும்பைச் சுரண்டுவது போல ஒரு சத்தமும். அண்ணன் ஏதோ புதிதாகச் செய்திருக்கிறார், பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார்.

"கேள்வி கேட்டா பதில் சொல்வாரா?" என்றார் மேனேஜர். "ஐயா, ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. எனக்கு இந்த வருஷம் புரமோஷன் உண்டா?"

உள்ளிருந்து ஏழெட்டு அடிகள் விடாமல் விழுந்தன.

"அது உங்க ஹெட் ஆபீஸ் மாதிரிங்க" என்றார் அவர் மனைவி. "கேட்ட கேள்விய விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பதில் சொல்லுது."

மேனேஜர் விடவில்லை. கதவருகே போய், மோதிர விரலை மடக்கி, இரும்பில் மெதுவாக மூன்று முறை தட்டினார்.

உள்ளே எலக்ட்ரீஷியனுக்கு அது கேட்டது. கன்னத்தை இரும்பில் வைத்திருந்ததால் கேட்டது. தலை வலித்துப் பிளந்தது, நெஞ்சு ஓடி வந்தவன் நெஞ்சு போல அடித்துக்கொண்டது. ஆனால் அந்த மூன்று தட்டு தெளிவாகக் கேட்டது. வெளியே ஆள் இருக்கிறது. கேட்டுவிட்டார்கள். அவர் ஸ்பேனரை இரண்டு கையிலும் பிடித்து, நிதானமாக, எண்ணி மூன்று அடித்தார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரம் திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

வெளியே கைதட்டல் எழுந்தது.

"பார்த்தீங்களா! எண்ணித் தட்டுறான்யா!" என்றார் மேனேஜர். அவர் இன்னொரு முறை தட்டினார். மூன்று வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. "சரி, என்கிட்ட வாலாட்டக் கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டான்."

இதற்குள் வழிகாட்டி கதவின் சக்கரத்துக்குப் போயிருந்தார். வழக்கமான முடிவு இதுதான். புகை இருக்காது, தொட்டியைப் புதிதாக நிரப்ப நேரம் கிடைக்கவில்லை, ஆனாலும் திறந்து காட்டினால் வெற்றறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "இப்ப நாம கதவைத் திறந்து பார்க்கலாமா?" என்று வழக்கமான குரலில் கேட்டார்.

மேனேஜரின் மனைவியின் முகம் மாறியிருந்தது. கடைசி மூன்று தட்டு அவரைச் சிரிக்கவிடவில்லை.

"வேணாங்க" என்றார். "கதவை மட்டும் திறக்காதீங்க. நல்லாயில்ல."

"என்னம்மா நீ, காசு குடுத்துட்டு…"

"நான் சொல்றேன்ல? பிள்ளைங்க ராத்திரி அலறுச்சுன்னா எந்திரிச்சுப் பாக்கப் போறது நீங்களா? நீங்க குறட்டை விட்டுட்டுக் கெடப்பீங்க. வாங்க போகலாம்."

மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். ஓர் ஆண், சிகரெட் பிடிக்க அவசரப்பட்டவர், தானும் அதேதான் நினைத்ததாகச் சொன்னார். புகை இல்லாத குறை வெளியே தெரியாமல் போயிற்றே என்று வழிகாட்டிக்கு உள்ளூர நிம்மதி. சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"சரி, நீங்க குளியல் கூடத்துக்கு நடங்க. நான் விளக்க அணைச்சுட்டு வர்றேன்."

கூடம் காலியானது. அவர் ரிமோட்டை எடுத்து நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய பின் ஒரு தட்டல் வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது. ரிமோட் மாட்டிக்கொண்டது போல என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. இந்தச் சுவர்களுக்குள் அது புதிதல்ல. தகவல் பலகைக்குப் பின்னால் குனிந்து, மோட்டாருக்குப் போகும் ஒயரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். ஒயரோடு இணைந்த ரிமோட் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

பிளக் கையில் இருந்தது. உள்ளிருந்து இரண்டு தட்டல்கள் வந்தன. பலம் குறைந்த தட்டல்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

கும்பலில் பேயை நம்பி வந்தவர்கள் அரட்டை அடித்துக்கொண்டு குளியல் கூடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேயைச் செய்தவர்களில் ஒருவர் பிளக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். எல்லாரையும்விட அவருக்குத்தான் அது தெரியும். கதவுக்குப் போய்ச் சக்கரத்தில் கை வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், யார் என்று. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று நினைத்ததாகப் பிற்பாடு விசாரணையில் சொன்னார்.

சக்கரத்தைத் திருப்பவில்லை. விளக்கை அணைத்து, கூடத்தின் கதவை வெளியே பூட்டிவிட்டு, வேகமாக நடந்தார்.

முகப்பில் கும்பல் குரூப் போட்டோவுக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, நடுவுல நில்லுங்க. இவ்வளவு நல்லா யாரும் சொன்னதில்ல" என்றார் மேனேஜர். "ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? உங்களுக்கே பயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிப்பது போல வாயைக் காட்டினார். ஒன்று எடுத்தார்கள். யாரோ கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்று எடுத்தார்கள். டிரைவரையும் கூப்பிட்டு நிற்கவைத்து இன்னொன்று எடுத்தார்கள்.

எலக்ட்ரீஷியன் கடைசியாகத் தட்டியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஸ்பேனர் கையிலிருந்து நழுவிப் பெட்டிகளுக்கு நடுவே விழுந்ததும், அதை எடுக்கக் கீழே குனியக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. வாயைக் கூரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று யோசித்தார். என்ன என்பது மட்டும் வரவில்லை.

ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தது. மச்சினன் இறங்கி, கும்பலைப் பார்த்ததும் டிக்கெட் கவுண்டருக்கு ஓடப்போனவன், வழிகாட்டி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சர், சீக்கிரமே வந்துட்டாங்களா? மாமா திட்டப் போறாரு. மோட்டார் ரெடி. கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுக் கட்டி வாங்கிட்டு வர்றேன்."

"எந்த மோட்டார்?"

"நம்ம மோட்டார்தான். வேற எது?" துணிப்பையைச் சற்றே விரித்துக் காட்டினான்.

வழிகாட்டி பைக்குள் பார்த்தார். செம்புக் கம்பி புதிதாக மின்னியது.

"அப்ப உள்ள என்ன மாட்டியிருக்கு?"

"உள்ள ஒண்ணும் இல்ல. பிராக்கெட்டுதான் இருக்கு. மாமா அதைத்தானே முறுக்கிட்டு இருக்காரு…" என்றவன் அவர் முகத்தைப் பார்த்தான். "மாமா எங்க?"

வழிகாட்டி ஓடினார். மச்சினன் பையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். என்னவோ ஏதோ என்று மேனேஜரும் இன்னும் சிலரும் ஓடினார்கள்.

அழுக்குப் பக்கக் கதவின் சக்கரம் இறுகியிருந்தது. திருகியவர் அவரே. இரண்டு பேர் தொங்கித் திருப்பினார்கள். கதவு திறந்ததும் வெள்ளைப் புகை அவர்கள் முழங்காலில் மோதி வராந்தாவில் இறங்கியது. மேலே, பெட்டிகளின் விளிம்பில், ஒரு கை தொங்கியது.

"மாமா!" என்று மச்சினன் உள்ளே பாய்ந்தான். வழிகாட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன.

"உள்ள போகாத! புகை! போனா நீயும் விழுந்துடுவ!"

"விடுங்க டீச்சர்! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வண்டியப் பிடி! வண்டியோட இழு!"

தள்ளுவண்டி தண்டவாளத்தின் மேல்தான் நின்றது. அதன் கொக்கி வாசலுக்கு ஓரடி உள்ளே இருந்தது. மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டிக் கொக்கியைப் பற்ற, மேனேஜர் அவன் இடுப்பைப் பற்ற, மற்றவர்கள் மேனேஜரைப் பற்றி இழுத்தார்கள். சக்கரங்கள் துருவில் அலறின. வண்டி கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி இழுத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி சரிந்து விழுந்து திறந்துகொண்டது. மூன்றாவது இழுப்பில் வண்டி முழுதாக வெயிலுக்கு வந்தது.

எலக்ட்ரீஷியனை இறக்கி வராந்தாவில் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மேனேஜரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"இருக்கு. கொஞ்சம் இருக்கு. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

வழிகாட்டி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "மாமா, மோட்டார் கட்டியாச்சு மாமா" என்று அழுதான். கொஞ்ச நேரம் கழித்து எலக்ட்ரீஷியனின் நெஞ்சு பெரிதாக ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இருமினார், புரண்டு வாந்தி எடுத்தார்.

மேனேஜர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மோதிரக் கையை மற்றொரு கையால் மூடிக்கொண்டு வழிகாட்டியிடம் கேட்டார்.

"நான் தட்டுனப்ப… அவரா திருப்பித் தட்டுனாரு?"



எலக்ட்ரீஷியன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைவலி பல வாரம் நீடித்தது. வழிகாட்டி சக்கரத்தில் கை வைத்ததையும் திருப்பாததையும் விசாரணைக் குழுவிடம் தானாகவே சொன்னார், அவரை அலுவலகப் பணிக்கு மாற்றினார்கள். கண்காணிப்பாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மோட்டாரும் டிரை ஐஸும் நிறுத்தப்பட்டன. அறையின் இரண்டு கதவுகளையும் கழற்றினார்கள். எலக்ட்ரீஷியன் அருங்காட்சியக வேலையை விட்டுவிட்டு, மச்சினனைச் சேர்த்துக்கொண்டு வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறார்.